கூரை வேலையில் வீழ்ச்சிக் காப்பு

கூரை வேலையில் வீழ்ச்சிக் காப்பு என்பது, கூரை மீது ஏறி வேலை செய்பவர் கீழே விழாமல் தடுப்பதற்கும், தவறி விழுந்தாலும் தரையில் மோதுவதற்கு முன் அவரைப் பிடித்து நிறுத்துவதற்கும் பயன்படும் கருவிகளையும் வேலை முறைகளையும் குறிக்கும். தடுப்புக் கம்பிகள், ஏறுபலகைகள், பாதுகாப்பு வலைகள், முழு உடல் வார்ப்பட்டை, இணைகயிறு, உயிர்க்கயிறு ஆகியன இவற்றுள் முக்கியமானவை. பலரும் அறிந்தது வார்ப்பட்டையே ஆகும். தமிழ்நாட்டுத் தொழிலாளர் இதனைச் "சேஃப்டி பெல்ட்" என்றோ சுருக்கமாகப் "பெல்ட்" என்றோ அழைப்பர்.

பெல்ட் தனியாக எவரையும் காப்பதில்லை. அது எதனுடன் பிணைக்கப்பட்டுள்ளது, விழுபவருக்குக் கீழே எவ்வளவு வெற்றிடம் உள்ளது என்னும் இரண்டையும் பொறுத்தே அதன் பயன் அமைகின்றது. உயரமான கட்டிடங்களில் நன்றாகச் செயற்படும் அதே பெல்ட், ஐந்து மீட்டர் உயரமுள்ள ஒரு கொட்டகைக் கூரையில் ஏறக்குறையப் பயனற்றதாகிவிடக் கூடும். பெரம்பலூர், அரியலூர் போன்ற தமிழ்நாட்டு உள் மாவட்டங்களில் மிகுதியாகக் காணப்படுபவை இத்தகைய தாழ்வான கூரைகளே என்பதால், இந்த வேறுபாடு அங்கு வேலை செய்வோருக்கு முக்கியமானது.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிக் கூரைகள்

பெரம்பலூர் மாவட்டம் 1995 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2001 இல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே பெரம்பலூருடன் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் திரும்பவும் தனி மாவட்டமானது. நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் நிறைந்த அரியலூர்ப் பகுதியில் அரசு நிறுவனமான தமிழ்நாடு சிமெண்ட் கழகத்தின் ஆலை 1979 முதல் இயங்கி வருகின்றது. ரெட்டிபாளையம், ஆலத்தியூர், தளவாய், கீழப்பழுவூர் ஆகிய இடங்களிலும் தனியார் சிமெண்ட் ஆலைகள் உள்ளன. பெரம்பலூர்ப் பக்கத்தில் எறையூர்ச் சர்க்கரை ஆலை, நாரணமங்கலம் டயர் ஆலை முதலியவை இருந்தாலும், அம்மாவட்டம் பெரும்பாலும் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளையும் வேளாண் பகுதி ஆகும்.

இதனால் இப்பகுதியில் இரு வகையான கூரை வேலைகள் அருகருகே நடைபெறுகின்றன. ஒரு புறம் பெரிய ஆலைகளின் உயர்ந்த தகரக் கூரைகள். அங்கு பாதுகாப்பு அலுவலர், வேலை அனுமதிச் சீட்டு, தலைக்கவசம், பெல்ட் எல்லாம் உண்டு. மறு புறம் அரிசி ஆலை, விளைபொருள் கிடங்கு, மாட்டுக் கொட்டகை, கோழிப் பண்ணை, ஓட்டு வீடு, சிமெண்ட் சீட்டு வேய்ந்த வீடு ஆகியவற்றின் கூரைகள். இவற்றின் உயரம் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மீட்டருக்குள் அடங்கும். வேலைக்கு வருபவர்கள் ஒரு மேஸ்திரியும் இரண்டு மூன்று ஆட்களுமே. வேலை அரை நாளில் முடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒழுகும் ஓடுகளை மாற்றுதல், காற்றில் பெயர்ந்த சீட்டை மாற்றிப் போடுதல், தண்ணீர்த் தொட்டிக் குழாயைச் சரி செய்தல் போன்ற இந்தச் சிறு வேலைகளை எவரும் "உயரத்தில் செய்யும் வேலை" என்று கருதுவதில்லை. "இவ்வளவு உயரந்தானே" என்னும் எண்ணமே பல விபத்துகளுக்குத் தொடக்கமாக அமைகின்றது.

அண்மைக் காலத்தில் சூரிய மின்தகடு பொருத்துவோரும் இவர்களுடன் சேர்ந்துள்ளனர். வீட்டுக் கூரைகளில் மின்தகடு அமைக்க மானியம் வழங்கும் நடுவண் அரசின் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பின்னர், இதுவரை எவரும் ஏறாத மாடிகளிலும் ஆட்கள் ஏற வேண்டியதாயிற்று. கைப்பிடிச் சுவர் கட்டப்படாத மொட்டை மாடிகளில் பெரிய தகட்டைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கி நடப்பவருக்கு விளிம்பு எங்கே முடிகின்றது என்பது தெரியாது. தகட்டில் காற்றுப் பிடித்தால் அது பாயைப் போல ஆளையும் சேர்த்து இழுக்கும்.

வீழ்ச்சியின் இயற்பியல்

தடையின்றி விழும் பொருளின் வேகம், ஈர்ப்பு முடுக்கம், விழும் உயரம் ஆகிய இரண்டின் பெருக்குத் தொகையை இரண்டால் பெருக்கி வர்க்கமூலம் காண்பதால் கிடைக்கும். 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் ஏறத்தாழ ஒரு வினாடியில் தரையை அடைவார். அப்போது அவரது வேகம் வினாடிக்கு 9.9 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 36 கி.மீ. இருக்கும். எதையேனும் எட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்று நம்புவதற்கு இந்த ஒரு வினாடி போதாது.

காயத்தை உண்டாக்குவது வேகத்தைக் காட்டிலும் அவ்வேகம் எவ்வளவு தொலைவுக்குள் நிறுத்தப்படுகின்றது என்பதே ஆகும். 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 2 மீட்டர் விழுந்த பின், நீளாத கயிறு ஒன்று அவரை 10 செ.மீ. தொலைவுக்குள் நிறுத்துவதாகக் கொள்வோம். அப்போது அவர் உடல் மீது செயற்படும் சராசரி விசை ஏறத்தாழ 16,500 நியூட்டன், அதாவது அவரது எடையைப் போல் 21 மடங்கு ஆகும். அதே வீழ்ச்சி 1 மீட்டர் தொலைவில் படிப்படியாக நிறுத்தப்பட்டால் விசை ஏறத்தாழ 2,350 நியூட்டனாக, எடையைப் போல் 3 மடங்காகக் குறைகின்றது. முதற் கயிறு அறாவிட்டாலும் ஆளை முறித்துவிடும். இரண்டாவது கயிற்றில் தொங்குபவர் உயிரோடு இருப்பார்.

இணைகயிற்றில் ஒரு சிறு பொதி போலத் தைக்கப்பட்டிருக்கும் அதிர்வு தாங்கி இந்த வேலையையே செய்கின்றது. அதனுள் மடித்துத் தைக்கப்பட்ட நாடா, குறிப்பிட்ட விசைக்கு மேல் இழுபடும்போது தையல் ஒவ்வொன்றாகப் பிரிந்து நீள்கின்றது. உடல் மீது படும் விசை 6 கிலோநியூட்டனைத் தாண்டாதவாறு இவை வடிவமைக்கப்படுகின்றன. கிணற்றில் நீர் இறைக்கும் கயிற்றையோ லாரியில் பாரம் கட்டும் கயிற்றையோ இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறும் வழக்கம் ஏன் ஆபத்தானது என்பதற்கு மேற்கண்ட கணக்கே விடை ஆகும். பாரம் தாங்கும் கயிறு வேறு, வீழ்ச்சியைத் தாங்கும் கயிறு வேறு.

உடையும் கூரை

கூரையிலிருந்து விழுதல் என்றவுடன் விளிம்பிலிருந்து விழுவதையே எவரும் எண்ணுவர். கூரையின் ஊடாக உள்ளே விழுதல் மற்றொரு வகை. கல்நார் சிமெண்ட் சீட்டுகளில், அதாவது மக்கள் ஆஸ்பெஸ்டாஸ் என்று அழைக்கும் கூரைகளில், இரண்டாவது வகையே கூடுதலாக அஞ்சத் தக்கது.

இச்சீட்டுகள் பொதுவாக 6 மி.மீ. தடிப்பும் 1.05 மீட்டர் அகலமும் உடையவை. மழையையும் காற்றையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவையே தவிர ஆளைத் தாங்குவதற்காக அல்ல. தகரம் வளையும், வளைந்து எச்சரிக்கும். சிமெண்ட் சீட்டு அவ்வாறு வளையாமல் ஒரே நொடியில் உடையும். புதிதாக இருக்கும்போது ஓர் ஆளின் எடையைத் தாங்கியது பத்து மழைக்காலங்களுக்குப் பின் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை. சீட்டின் அடியில் குறுக்குச் சட்டம் செல்லும் இடத்தை மேலே தெரியும் போல்ட்டுகளைக் கொண்டு அறிந்து, அதன் மேல் மட்டும் கால் வைத்து நடப்பதே அனுபவம் மிக்கவர்களின் வழக்கம். இது ஒரு சர்க்கஸ் கம்பி மேல் நடப்பதற்கு ஒப்பானது. கையில் சீட்டும் சுத்தியலும் இருக்கையில் ஒரு காலடி பிசகினால் போதும். இம்முறையைப் பாதுகாப்பான முறையாக எந்த வழிகாட்டி நூலும் ஏற்பதில்லை.

சிமெண்ட் ஆலைகள் உள்ள இடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூரைகளில் படியும் சிமெண்ட் தூசி மழையில் நனைந்து இறுகி, போல்ட்டுகளையும் பழைய விரிசல்களையும் மூடிவிடும். வெளிச்சத்துக்காக இடையிடையே பொருத்தப்படும் ஒளி ஊடுருவும் கண்ணாடியிழைத் தகடுகள் வெயிலிலும் தூசியிலும் நிறம் மாறி மற்றச் சீட்டுகளைப் போலவே தோற்றமளிக்கத் தொடங்கும். தகரக் கூரை வலுவானது என்று நம்பி நடப்பவர் அதில் ஒட்டுப் போட்டது போல் இருக்கும் இத்தகடு வழியாக விழுகின்றார்.

உடையும் கூரையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மேலே ஏறத்தான் வேண்டுமா என்பதாகும். போல்ட்டை அறுப்பதும் சீட்டைக் கழற்றுவதும் பல கொட்டகைகளில் உள்ளிருந்து சாரம் கட்டியோ சக்கர மேடை வைத்தோ செய்யக் கூடியவை. ஏறியே தீர வேண்டுமாயின், குறைந்தது இரண்டு சட்டங்களுக்கு மேல் நீண்டு கிடக்கும் அகலமான ஏறுபலகைகளைப் பயன்படுத்த வேண்டும். ஒரு பலகை மீது நின்றுகொண்டே அடுத்த பலகையை நகர்த்தும் வகையில் ஒன்றுக்கு மேற்பட்ட பலகைகள் தேவை. பலகை வழுக்கிச் செல்லாதவாறு கட்டப்பட வேண்டும். ஒரு பலகைதான் இருக்கின்றது என்றால், அதை நகர்த்தும் நேரம் முழுவதும் ஆள் சீட்டின் மேல்தான் நிற்கின்றார்.

ஓட்டு வீடுகளில் சரிவு கூடுதலாக இருப்பதால், முகட்டில் மாட்டும் கொக்கியுடைய கூரை ஏணி பொருத்தமானது. சாதாரண ஏணியைச் சரிவில் கிடத்தி, கீழே ஒருவரைப் பிடிக்கச் சொல்லும் வழக்கம் இருவரையும் ஆபத்தில் தள்ளுகின்றது. உளுத்துப் போன கைமரம் ஓட்டைத் தாங்கும் அளவுக்கு வலுவாக இருந்தாலும் ஆளைத் தாங்காமல் போகலாம் என்பதால், ஏறும் முன் உட்புறமிருந்து மரங்களைத் தட்டிப் பார்த்தல் நன்று.

வார்ப்பட்டையும் இணைகயிறும்

முன்பு இடுப்பை மட்டும் சுற்றி அணியும் பட்டையே வழக்கில் இருந்தது. பெல்ட் என்னும் பெயரும் அதிலிருந்து வந்ததே. வீழ்ச்சியின் விசை முழுவதும் வயிற்றின் மீதும் முதுகெலும்பின் மீதும் விழுவதாலும், தலைகீழாகத் தொங்குபவர் பட்டையிலிருந்து நழுவிவிடக் கூடும் என்பதாலும் வீழ்ச்சியை நிறுத்தும் பணிக்கு அது ஏற்றதல்ல. ஐக்கிய அமெரிக்காவில் 1998 சனவரி 1 முதல் கட்டுமான வேலைகளில் இப்பயன்பாடு தடை செய்யப்பட்டது. முழு உடல் வார்ப்பட்டை விசையைத் தொடை, இடுப்பு, மார்பு, தோள் ஆகியவற்றுக்குப் பகிர்ந்தளிக்கின்றது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 3521 என்னும் தரம் இக்கருவிகளைப் பற்றியது. 1999 இல் வெளியான அதன் பதிப்பு நெடுங்காலம் வழக்கில் இருந்து, பின்னர் பல பகுதிகளாகப் பிரித்துத் திருத்தப்பட்டது.

பட்டையை அணியும் முறையில் பெரும்பாலும் தவறுவது கால் வார்களே. நடக்கவும் குந்தவும் இடைஞ்சலாக இருப்பதால் அவற்றை மாட்டாமலோ தளர்த்தியோ விட்டுவிடுகின்றனர். தட்டையாக வைத்த கை நுழையும் அளவுக்கு, ஆனால் முட்டி மடக்கிய கை நுழையாத அளவுக்கு அவை இறுக்கமாக இருக்க வேண்டும். முதுகில் உள்ள வளையம் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே நிற்க வேண்டும். கைலியும் வேட்டியும் கட்டியவரால் கால் வார்களைச் சரியாக அணிய இயலாது. சேலைக்கு மேல் சட்டை அணிந்து மாடிக்குக் கலவையும் செங்கல்லும் சுமக்கும் பெண் சித்தாட்களின் நிலையும் இதுவே. எனவே பெல்ட் வாங்கித் தரும் ஒப்பந்ததாரர் காற்சட்டையைப் பற்றியும் சிந்திக்க வேண்டியுள்ளது. ஒருவரின் அளவுக்கு இறுக்கிய பட்டையை அடுத்தவர் அப்படியே மாட்டிக்கொள்வதும் பரவலாகக் காணப்படும் தவறு.

இடம் மாறும்போது ஒரு கொக்கியைக் கழற்றி மற்றோரிடத்தில் மாட்டும் இடைவெளியில் ஆள் பாதுகாப்பின்றி இருப்பார். இதைத் தவிர்க்க இரு கொக்கிகள் உடைய இணைகயிறு பயன்படுகின்றது. ஒன்றைக் கழற்றும் முன் மற்றொன்று மாட்டப்பட்டிருக்கும்.

பிணைப்புப் புள்ளி

கொக்கியை எதில் மாட்டுவது என்பதே கூரை வேலையில் மிகக் கடினமான கேள்வி. அமெரிக்க விதிகள் ஓர் ஆளுக்கான பிணைப்புப் புள்ளி ஏறத்தாழ 22 கிலோநியூட்டன், அதாவது இரண்டேகால் டன் எடைக்கு ஈடான விசையைத் தாங்க வேண்டும் என்கின்றன. ஐரோப்பியத் தரம் 12 கிலோநியூட்டன் என்கின்றது. எந்த எண்ணைக் கொண்டாலும், ஒரு காரைத் தூக்கித் தொங்கவிட்டால் தாங்குமா என்று எண்ணிப் பார்ப்பது வேலையிடத்துக்கு ஏற்ற எளிய அளவுகோல் ஆகும்.

இவ்வாறு நோக்கினால் கிராமத்து வீட்டு மாடியில் பொதுவாகக் கொக்கி மாட்டப்படும் பொருள்கள் பெரும்பாலும் தள்ளுபடியாகிவிடும். நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவர், பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, தொலைக்காட்சிக் கம்பம், குழாய், சீட்டைப் பிடிக்கும் போல்ட், சன்னல் கம்பி ஆகிய எதுவும் பிணைப்புப் புள்ளி அல்ல. கான்கிரீட் தூண், விட்டம், ஆலைக் கூரையின் இரும்புச் சட்டகம் ஆகியவை ஏற்றவை. மாடித் தூண்களை மேல் தளத்துக்காக நீட்டி விட்டிருக்கும் கம்பிகளில் வெறுமனே கொக்கியை மாட்டினால் அது மேலே உருவிக் கழன்று விடலாம். தூணைச் சுற்றிக் கட்டப்படும் பிணைப்பு நாடா நம்பத் தக்கது.

தூண் இல்லாத ஓட்டு வீட்டில், உயிர்க்கயிற்றை முகட்டின் மேலாக எடுத்துச் சென்று எதிர்ப்புறத்தில் தரையில் உள்ள வலுவான மரத்திலோ தூணிலோ கட்டுவது ஒரு வழி. கயிறு ஓட்டின் கூர்மையான விளிம்பில் உராயாதவாறு சாக்கு அல்லது ரப்பர் விரிப்பு இட வேண்டும். வீட்டின் முன் நிற்கும் டிராக்டரிலோ காரிலோ கயிற்றைக் கட்டுவது உலகின் பல இடங்களில் உயிர்ப்பலிக்குக் காரணமாகியுள்ளது. மறு புறத்தில் ஆள் தொங்குவதை அறியாத ஓட்டுநர் வண்டியை எடுத்துவிடுகின்றார்.

பிணைப்புப் புள்ளி ஆளுக்கு நேர் மேலே இல்லாமல் பக்கவாட்டில் தொலைவில் இருந்தால், விழுபவர் ஊசலைப் போல ஆடிச் சென்று சுவரிலோ தூணிலோ மோதுவார். கயிறு தன் கடமையைச் செய்த பின்னரும் நேரக் கூடிய காயம் இது.

கீழே வேண்டிய வெற்றிடம்

வீழ்ச்சியை நிறுத்தும் அமைப்பு முழுமையாகச் செயற்பட, பிணைப்புப் புள்ளிக்குக் கீழே தடையற்ற வெற்றிடம் வேண்டும். வழக்கமான கணக்கு பின்வருமாறு: இணைகயிற்றின் நீளம் 2 மீட்டர், அதிர்வு தாங்கி பிரிந்து நீளக் கூடிய அதிக அளவு 1.75 மீட்டர், முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர், காப்பு இடைவெளி 1 மீட்டர். மொத்தம் 6.25 மீட்டர்.

இப்போது 5 மீட்டர் உயரமுள்ள ஓர் அரிசி ஆலைக் கொட்டகையை எடுத்துக்கொள்வோம். வேலை செய்பவர் தரமான முழு உடல் பட்டை அணிந்து, தரமான இணைகயிற்றைத் தம் காலடியில் உள்ள இரும்புச் சட்டத்தில் மாட்டியிருக்கிறார். சட்டமும் வலுவானது. சீட்டு உடைகின்றது. வளையம் அவர் காலடிக்கு 1.5 மீட்டர் மேலே இருந்ததால், கயிறு இறுகுவதற்கு முன்பே அவர் 3.5 மீட்டர் விழுந்துவிடுவார். கயிறு இறுகும்போது அவரது பாதம் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதிர்வு தாங்கி முழுதும் நீள 1.75 மீட்டர் தேவைப்படலாம். அதாவது அவர் நிற்பதற்கு முன்பே தரையில் மோதக் கூடும். கீழே உமி அரைக்கும் எந்திரமோ மூட்டை அடுக்கோ இருந்தால் வெற்றிடம் இன்னும் குறையும். விதிப்படி எல்லாம் செய்தவர் போலத் தோன்றும் இவருக்கு உண்மையில் பாதுகாப்பு மிகக் குறைவே.

தாழ்வான கூரைக்கு மூன்று தீர்வுகள் உள்ளன. முதலாவது, பிணைப்பைத் தலைக்கு மேல் கொண்டு செல்வது. வளையத்துக்கு 1 மீட்டர் மேலே பிணைத்தால் 2 மீட்டர்க் கயிற்றில் தடையற்ற வீழ்ச்சி 1 மீட்டராகக் குறையும். காரில் உள்ள இருக்கைப் பட்டையைப் போலத் தானே சுருண்டுகொள்ளும் கயிற்றுப் பெட்டி மேலே தொங்கினால் கயிற்றில் தளர்வே இராது, வீழ்ச்சி தொடங்கிய உடனே பிடிபடும். ஆனால் கூரையின் மீது நிற்பவருக்குத் தலைக்கு மேல் பெரும்பாலும் வானமே உள்ளது. பாரந்தூக்கியோ உயர்ந்த பக்கக் கட்டிடமோ உள்ள ஆலைகளில்தான் இது எளிதில் கைகூடும்.

இரண்டாவது, கயிற்றின் நீளத்தைக் குறைத்து, ஆள் விளிம்பை எட்டவே முடியாதவாறு கட்டுவது. இது வீழ்ச்சியை நிறுத்துவதன்று, வீழ்ச்சி நிகழாமல் தடுப்பது. கான்கிரீட் மொட்டை மாடியில் சூரிய மின்தகடு பொருத்துவோருக்கு இதைவிட எளிய, மலிவான முறை இல்லை. ஆயினும் உடையும் கூரையில் இம்முறை உதவாது. அங்கு ஒவ்வொரு சீட்டும் ஒரு விளிம்பே.

மூன்றாவது தீர்வு பெல்ட்டை நம்பாமல் கூரையையும் அதன் அடியையும் மாற்றுவது. ஏறுபலகை, விளிம்பில் ஏறத்தாழ 1 மீட்டர் உயரத் தடுப்புக் கம்பி, சீட்டுக்குச் சற்றுக் கீழே இழுத்துக் கட்டிய வலை, உட்புறச் சாரம் ஆகியவை இதில் அடங்கும். இவற்றின் சிறப்பு, ஆளின் கவனத்தைச் சார்ந்திராமல் அங்கு வரும் அனைவரையும் காப்பது. மேஸ்திரி ஒருவர் நான்கு பெல்ட் வாங்கும் செலவில் நல்ல பலகைகள் வாங்கினால், சிமெண்ட் சீட்டு வேலையில் அதுவே கூடுதலான உயிர்களைக் காக்கும் எனலாம்.

வலைகளின் வரலாறு

வலையின் பயனை உலகுக்குக் காட்டிய நிகழ்வு சான் பிரான்சிசுக்கோவின் கோல்டன் கேட் பாலக் கட்டுமானம் (1933-1937) ஆகும். தலைமைப் பொறியாளர் சோசப் இசுட்ராசு பாலத்தின் அடியில் நெடுக வலை கட்டச் செய்தார். அதில் விழுந்து பிழைத்தோர் 19 பேர். ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று சாரம் ஒன்று முறிந்து வலை மீது விழ, வலை கிழிந்து 10 பேர் உயிரிழந்தனர். ஆளைத் தாங்கக் கட்டிய வலை சாரத்தின் எடையைத் தாங்கவில்லை.

சட்ட நிலை

இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் 1948 இன் 32 ஆம் பிரிவு, விழக் கூடிய உயரத்தில் எவரேனும் வேலை செய்ய நேர்ந்தால் வேலி அமைத்தோ வேறு வகையிலோ அவரது பாதுகாப்பை உறுதி செய்ய வேண்டும் என்றது. கட்டிடத் தொழிலாளருக்காக 1996 இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இவ்விரண்டு சட்டங்களும் 2020 ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய சட்டத் தொகுப்பில் உள்ளடக்கப்பட்டன. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் ஆலைகளை மேற்பார்வையிடுவது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆகும்.

1996 ஆம் ஆண்டுச் சட்டம் பத்துக்குக் குறைவான தொழிலாளர் உள்ள இடங்களுக்குப் பொருந்தவில்லை. பத்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் தம் சொந்த வீட்டைக் கட்டுபவருக்கும் விலக்கு அளித்தது. மூன்று பேர் சேர்ந்து அரை நாளில் சீட்டு மாற்றும் வேலை இந்த எல்லைக்கு வெளியே நின்றது. அவ்வேலையைக் கண்காணிக்க எவரும் வருவதில்லை என்பதால், அங்கு பலகை இடுவதா வேண்டாமா என்பதை வீட்டு உரிமையாளரும் மேஸ்திரியுமே முடிவு செய்கின்றனர். 1994 இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு விபத்து உதவித்தொகை உண்டு. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்களின் குடும்பங்கள் விபத்துக்குப் பின் அல்லல்படுகின்றன.

பராமரிப்பு

பட்டையும் கயிறும் பெரும்பாலும் பாலியெசுட்டர் அல்லது நைலான் இழைகளால் ஆனவை. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் இரண்டையும் நலிவடையச் செய்யும். ஈரமான சிமெண்ட் காரத் தன்மை உடையது. காரம் பாலியெசுட்டரைத் தாக்கும், மின்கல அமிலம் நைலானைத் தாக்கும். சிமெண்ட் தூசியின் நுண்துகள்கள் இழைகளுக்கிடையே புகுந்து உள்ளிருந்தே அறுக்கவும் செய்யும். எனவே அரியலூர் ஆலைகளில் பயன்படும் பட்டைகள் வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவி, நிழலில் உலர்த்தப்பட வேண்டும். வெயிலில் கொடியில் போடுவதோ, கூரை மீதே விட்டு வருவதோ, பெயின்ட், டீசல் டின்களுடன் ஒரே சாக்கில் கட்டி வைப்பதோ கூடாது.

ஒவ்வொரு முறை அணியும் முன்னும் நாடாவைத் தலைகீழாக U வடிவில் வளைத்துப் பார்த்தால் அறுந்த இழைகள் வெளித் தெரியும். தையல் நூல், கொக்கியின் பூட்டு, வளையத்தின் துரு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஒரு முறை வீழ்ச்சியைத் தாங்கிய பட்டையும் கயிறும், வெளித் தோற்றத்தில் பழுதில்லாவிட்டாலும், வெட்டி எறியப்பட வேண்டியவை. வெட்டாமல் எறிந்தால் வேறொருவர் எடுத்துப் பயன்படுத்துவார்.

மீட்பு

கயிற்றில் தொங்குபவர் இன்னும் காப்பாற்றப்படவில்லை. அசையாமல் நிமிர்ந்த நிலையில் தொங்கும்போது கால்களில் குருதி தேங்கி, மூளைக்குச் செல்லும் குருதி குறைந்து, சில நிமிடங்களிலேயே மயக்கம் ஏற்படலாம். மயங்கியவர் தொடர்ந்து தொங்கினால் உயிரிழக்கக் கூடும். எனவே அவரை எவ்வாறு கீழே இறக்குவது என்பது, கூரை மீது ஏறும் முன்பே முடிவு செய்யப்பட வேண்டியது. எட்டும் உயரத்தில் ஏணி, கயிற்றை இறக்கத் தெரிந்த ஒருவர், உரக்கக் கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் இன்னொருவர் ஆகியவை குறைந்த அளவுத் தேவைகள். தனியாக ஏறியவருக்கு இவற்றுள் எதுவும் இராது. காத்திருக்கும் நேரத்தில், தொங்குபவர் கால்களை அசைத்துக்கொண்டும், கால் வைக்க ஒரு கயிற்று வளையம் கிடைத்தால் அதில் ஊன்றி நின்றும் மயக்கத்தைத் தள்ளிப் போடலாம்.

இறக்கியவரைப் படுக்க வைக்கக் கூடாது, உட்கார வைக்க வேண்டும் என்று முன்பு கற்பிக்கப்பட்டது. பிரித்தானியாவில் 2009 இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு இதற்குச் சான்று இல்லை என்று கண்டது. அதன் பின்னர், வழக்கமான முதலுதவி முறைப்படி படுக்க வைத்து, மூச்சையும் நாடியையும் கவனிக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றது. பழைய அறிவுரை சில பயிற்சிக் குறிப்புகளில் இன்னும் காணப்படுகின்றது.

தரையில் விழுந்தவரின் நிலை வேறு. முதுகெலும்பு முறிந்திருக்கலாம் என்பதால் அவரை இருவர் தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைப்பதும், ஆட்டோவிலோ இரு சக்கர வண்டியிலோ நடுவில் அமர்த்திக் கொண்டு செல்வதும் நிலையான முடக்கத்தை உண்டாக்கக் கூடும். கழுத்தும் தலையும் அசையாமல் பிடித்துக்கொண்டு, 2008 முதல் தமிழ்நாட்டில் இயங்கி வரும் 108 அவசர ஊர்திக்குக் காத்திருத்தல் வேண்டும். பெரம்பலூரிலிருந்து திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. எந்த மருத்துவமனைக்குச் செல்வது, அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அழைப்பவர் முன்னரே அறிந்திருப்பதுடன், ஊர்ப் பெயரோடு கொட்டகை எந்தச் சாலையில் உள்ளது என்பதையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வயல் நடுவே உள்ள கொட்டகையாயின், ஊர்தி திரும்பும் இடத்தில் ஒருவரை நிறுத்தி வைப்பது வழக்கம்.